லிட்டில் மெர்மெய்ட் பிடித்ததா, பிடிக்கவில்லையா? யாரைக் கேட்கிறீர்கள்?

கேள்வி சுருக்கமாக இது: "2023-ல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தை ஏழு வயது மகளோடு பார்க்கலாமா என்று தேடினேன். ஓரிடத்தில் 94 சதவீதம் பேருக்குப் பிடித்தது என்கிறார்கள். இன்னோரிடத்தில் ஒற்றை நட்சத்திரமாகக் குவிந்திருக்கிறது. டீசருக்கே பதினைந்து லட்சம் பேர் டிஸ்லைக் போட்டார்களாம். படம் ஜனங்களுக்குப் பிடித்ததா இல்லையா? குழந்தைக் கதைப் படத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?"

காசு கொடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குப் பிடித்திருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் பார்த்த மூன்று எண்களும் மூன்று வேறு வேறு கூட்டங்களிடமிருந்து வந்தவை. மூன்றையும் ஒரே தராசில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

அந்தப் பதினைந்து லட்சத்தை எடுத்துக்கொள்வோம். டீசர் வந்தது 2022 செப்டம்பரில், டிஸ்னி தன் ரசிகர்களுக்காக நடத்தும் டி23 விழாவில். அதற்குப் பத்து மாதம் முன்பே, 2021 நவம்பரில், யூடியூப் டிஸ்லைக் எண்ணிக்கையைப் பொதுமக்கள் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது. அப்புறம் யார் எண்ணினார்கள்? பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் எதை அழுத்துகிறார்கள் என்று பார்த்து, அந்தக் கணக்கை மொத்தப் பார்வையாளர்களுக்கும் பெருக்கிக் காட்டும். ஒரு காணொளியை எத்தனை பேர் வெறுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகவே தனியாக ஒன்றை நிறுவிக்கொள்பவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன். கோபம் பொய் என்று சொல்லவரவில்லை. 2019 ஜூலையில் கறுப்பின நடிகை ஹாலி பெய்லிதான் கடற்கன்னி ஏரியல் என்று அறிவித்த உடனேயே 'இவள் என் ஏரியல் இல்லை' என்ற ஹேஷ்டேக் பரவிவிட்டது. ஆனால் அந்தக் கோபத்துக்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லை. அப்போது படமே இல்லை. டீசரிலும் முக்கால்வாசி நேரம் கடலும் மீனும்தான், அந்தப் பெண் முகம் காட்டிப் பாடுவது கடைசியில் சில நொடிகள்.

ஒற்றை நட்சத்திரங்கள் ஐ.எம்.டி.பி. தளத்தில் விழுந்தவை. அங்கே கணக்கு வைத்திருக்கும் யாரும் எந்தப் படத்துக்கும் மதிப்பெண் போடலாம், பார்த்தீர்களா என்று கேட்பதில்லை. படம் வெளியான வாரத்தில், வழக்கத்துக்கு மாறான வாக்குப்பதிவு நடப்பதாகத் தளமே ஒரு குறிப்புப் போட்டுவிட்டுக் கணக்கிடும் முறையை மாற்றியது. பிரான்ஸின் அல்லோசினே தளமும் அதேபோல எச்சரிக்கை வைத்தது. இப்போது ஐ.எம்.டி.பி.யில் தெரியும் 7 சொச்சம் எல்லா வாக்குகளின் நேர் சராசரி அல்ல, சந்தேகத்துக்குரிய வாக்குகளுக்கு எடை குறைத்தபின் வரும் எண்.

94 சதவீதம் ராட்டன் டொமேட்டோஸ் தளத்துடையது. அவர்கள் 2019-லிருந்து டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் மதிப்பெண்ணைத் தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். அப்படியென்றால் அதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா? பாதிதான். பிடிக்காது என்று முன்னாலேயே முடிவு செய்தவர் டிக்கெட் வாங்கமாட்டார். முதல் வாரம் ஓடிப்போய்ப் பார்ப்பவர் ஏற்கெனவே பிரியமாக இருப்பவர். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் உண்டு. முதல் நாள் காட்சிக்கு வருகிறவர்களிடம் தியேட்டரிலேயே அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குவார்கள். லிட்டில் மெர்மெய்டுக்கு அதில் 'ஏ' கிடைத்தது. நல்ல தரம்தான். ஆனால் குடும்பப் படங்களுக்கு அங்கே 'ஏ' கிடைப்பது அப்படியொன்றும் அபூர்வமில்லை. 'பி' பக்கம் இறங்கினால்தான் விநியோகஸ்தர்கள் கவலைப்படுவார்கள். 2025-ல் வந்த 'ஸ்னோ ஒயிட்' அப்படி 'பி பிளஸ்' வாங்கி, அதற்கேற்ற வசூலோடு ஒதுங்கியது. அந்தப் படத்தின் பஞ்சாயத்து இன்னும் பெரியது, அதற்குள் இப்போது போகவில்லை.

எனக்கு இந்த மூன்றையும்விட அதிகம் சொல்வது வசூல் பிரிந்த விதம். உலகம் முழுக்க ஏறத்தாழ 57 கோடி டாலர். அதில் 30 கோடிக்குக் கொஞ்சம் குறைவு அமெரிக்கா, கனடாவிலிருந்து மட்டும். பாதிக்கு மேல் உள்ளூரிலேயே வந்துவிட்டது. தன் பழைய கார்ட்டூனை நிஜ நடிகர்களை வைத்து டிஸ்னி மறுபடி எடுக்கும் இந்த மாதிரிப் படங்களுக்கு இது தலைகீழ். 2019-ல் வந்த 'அலாதீன்' நூறு கோடி டாலரைத் தாண்டியபோது மூன்றில் இரண்டு பங்கு வெளிநாட்டுப் பணம். தென்கொரியாவில் மட்டும் அலாதீனை ஒன்றேகால் கோடிப் பேர் பார்த்தார்கள், அந்த நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடி சொச்சம்தான். அதே தென்கொரியாவில் லிட்டில் மெர்மெய்ட் வந்த சுவடு தெரியாமல் போனது. சீனாவில் மொத்த வசூல் 40 லட்சம் டாலரைத் தொடவில்லை. ஜப்பானில் மட்டும் நன்றாகவே ஓடியது. ஆக, உள்ளூரில் 'ஏ', கடல் தாண்டினால் பல இடங்களில் காலி நாற்காலி.

இதற்கு நிறவெறி என்று ஒற்றை வரியில் பதில் சொல்பவர்கள் உண்டு. அது காரணங்களில் ஒன்று, மறுக்கமாட்டேன். ஆனால் அது மட்டும் என்றால் ஜப்பானை எப்படி விளக்குவது? நான் குழந்தைக் கதைப் படங்களைப் பல வருடமாகத் தேடித் தேடிப் பார்ப்பவன். என் கணிப்பு இது: இந்தப் படங்களை யாரும் கதையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. தாங்கள் சிறுவயதில் முதலில் பார்த்த வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்த முதல் வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை வேறு, நாட்டுக்கு நாடு வேறு. எதிர்வினையும் அதனால்தான் அப்படிச் சிதறுகிறது.

'மூலக்கதைக்குத் துரோகம்' என்று எழுதியவர்களைப் பாருங்கள். மூலக்கதை ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-ல் எழுதியது. அதில் கடற்கன்னிக்குப் பெயரே கிடையாது. சூனியக்காரி குரலை மாயமாக உறிஞ்சிக்கொள்வதில்லை, நாக்கை அறுத்து எடுக்கிறாள். கால் முளைத்த பிறகு அந்தப் பெண் வைக்கும் ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதுபோல வலிக்கும். இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அக்காக்கள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்து ஒரு கத்தி வாங்கிவருகிறார்கள், அவனைக் கொன்றால் நீ பிழைப்பாய் என்கிறார்கள். அவள் கத்தியைக் கடலில் வீசிவிட்டு நுரையாகக் கரைகிறாள், அதன்பின் காற்றின் மகள்களோடு சேர்கிறாள். 1989-ல் வந்த டிஸ்னி கார்ட்டூன் இதில் பெரும்பகுதியைத் தூக்கிவிட்டு ஏரியல் என்று பெயர் வைத்து, கல்யாணத்தில் முடித்தது. செபாஸ்டியன் நண்டு ஆண்டர்சனிடம் கிடையாது. டென்மார்க் கதையில் கரீபியன் உச்சரிப்போடு ஒரு நண்டு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமா, அந்த நண்டு பாடிய பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

சிவப்புக் கூந்தலும் அப்படித்தான். 1984-ல் 'ஸ்பிளாஷ்' என்ற படத்தில் ஒரு பொன்னிறக் கூந்தல் கடற்கன்னி வந்து பிரபலமாகியிருந்தாள், அவளிலிருந்து வேறுபட வேண்டும், பச்சை வாலுக்கும் எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஓவியர்கள் தேர்ந்த நிறம் அது. ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆண்டர்சன் தன் கடற்கன்னியின் தோலை ரோஜா இதழோடும் கண்ணை ஆழ்கடல் நீலத்தோடும் வர்ணித்திருக்கிறார், அதை எடுத்துக்காட்டியவர்கள் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் அதே புத்தகத்தின் அறுத்த நாக்கையும் நுரையையும் கேட்டு அவர்களில் ஒருவரும் போராடியதாக எனக்கு நினைவில்லை. அவர்கள் காவல் காத்தது வீடியோ கேசட்டில் திரும்பத் திரும்பப் பார்த்த 1989-ஐ.

இது இந்தக் காலத்துச் சமூக ஊடக நோய் என்றும் நினைக்க வேண்டாம். 1985-ல் டிஸ்னியே 'ரிட்டர்ன் டு ஓஸ்' என்று ஒரு லைவ் ஆக்‌ஷன் படம் எடுத்தது. இயக்கியவர் வால்டர் மர்ச், எடிட்டிங்கிலும் ஒலியமைப்பிலும் மேதை என்று பெயர் எடுத்தவர், அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம் இதுதான். ஓஸ் என்ற மாய நாட்டைப் பற்றி எல். ஃபிராங்க் பாம் எழுதிய வரிசையின் இரண்டாம், மூன்றாம் புத்தகங்களைக் கலந்து கதை அமைத்தார். புத்தகத்தின் விசித்திரமும் லேசான பயமும் அப்படியே இருக்கும். தலைகளைக் கண்ணாடி அலமாரிகளில் வரிசையாக அடுக்கிவைத்துக்கொண்டு, வேளைக்கு ஒன்றை மாட்டிக்கொள்ளும் ஓர் இளவரசி வருவாள். கையிலும் காலிலும் சக்கரம் முளைத்த ஆட்கள் கிறீச்சிட்டுக்கொண்டு துரத்துவார்கள். நாயகி டாரதியும் புத்தகத்தில் இருப்பதுபோலச் சின்னப் பெண்.

படம் படுத்துவிட்டது. பாட்டு எங்கே, நடனம் எங்கே, டாரதி ஏன் சிரிக்கவே இல்லை என்று கேட்டார்கள். ஜனங்களின் மனதில் இருந்த ஓஸ் 1939-ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ எடுத்த 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' இசைப்படம். அந்தப் படமே முதல் வெளியீட்டில் போட்ட பணத்தை எடுக்கவில்லை. 1950-களின் கடைசியிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் வருடா வருடம் போட்டுப் போட்டுத்தான் அது எல்லா வீட்டுக்கும் சொந்தமானது. பாமின் புத்தகத்தில் டாரதியின் செருப்பு வெள்ளி. 1939-ல் டெக்னிகலரில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று மாணிக்கச் சிவப்பாக மாற்றினார்கள். 1985-ல் புத்தகத்துக்கு இவ்வளவு நெருக்கமாகப் போன மர்ச்சின் படத்திலும் செருப்பு சிவப்புதான், அதற்காக எம்.ஜி.எம்.முக்கு டிஸ்னி பணம் கட்டியது. வெள்ளிச் செருப்பு மாட்டினால் டாரதியை ஜனங்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று பட நிறுவனத்துக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தோல்விப் படத்தை அப்போது வீட்டில் கேசட்டில் பார்த்த பிள்ளைகள் வளர்ந்தபின் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு அதுதான் முதல் ஓஸ்.

லிட்டில் மெர்மெய்டின் எதிர்வினைகளில் எதிர்ப்பு அளவுக்கே பரவிய இன்னொன்று உண்டு. டீசர் வந்த வாரம் அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர்கள் தங்கள் மகள்களை டிவி முன்னால் உட்காரவைத்து, டீசரைப் போட்டு, பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடித்தார்கள். அந்தக் காணொளிகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். கடல், மீன், குகை என்று போகும்வரை பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். முகம் தெரிந்ததும் ஒரு கணம் அசையாது. அப்புறம் படம் எடுக்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, 'இவ என்னை மாதிரியே இருக்கா' என்று சொல்லும். இதையும் கார்ட்டூன் நினைவின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அந்த அம்மாக்களும் 1989-ஐப் பார்த்து வளர்ந்தவர்கள், ஏரியல் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவர்கள், ஆனால் அந்தக் கண்ணாடியில் தங்கள் முகம் தெரியாதவர்கள். டிஸ்னிக்கு முதல் கறுப்பின இளவரசி வந்ததே 2009-ல்தான், அவளும் படத்தில் பாதிக்கு மேல் தவளையாகவே தத்திக்கொண்டிருப்பாள். அமெரிக்க வசூல் ஏன் சரியாமல் நின்றது என்பதற்கு இந்த வீடுகள் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சத்தத்தில் ஒரு நியாயமான புகார் அடிபட்டுப்போனது. படத்தின் கடல் மங்கல். மீன்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஏரியலின் தோழனான ஃபிளௌண்டர் என்ற மீன் கார்ட்டூனில் மஞ்சளும் நீலமும், குண்டுக் கன்னமும், பயந்தால் விரியும் கண்ணுமாக இருப்பான். புதிய படத்தில் அவன் நிஜ மீன். நிஜ மீனுக்குப் புருவம் கிடையாது, கன்னம் கிடையாது, கண் பக்கத்துக்கு ஒன்று. குரல் பதறுகிறது, முகம் ஐஸ் பெட்டியில் கிடப்பதுபோல இருக்கிறது. செபாஸ்டியன் குரலில் இருக்கும் குறும்பில் கால்வாசிகூட அந்த நண்டின் கண்ணில் வராது. சொன்னவர்கள் நிறையப் பேர், ஆனால் அந்த மாதத்தில் படத்தைக் குறைசொன்ன எல்லோரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். படத்தைக் காப்பாற்ற நினைத்தவர்களும் இதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இதே கோளாறு 2019-ன் 'லயன் கிங்'கிலும் உண்டு. அது லைவ் ஆக்‌ஷன் என்று பெயர், ஆனால் முதல் சூரியோதயக் காட்சி ஒன்றுதான் நிஜமாகக் கேமராவில் எடுத்தது, மிச்சமெல்லாம் கணினி. தந்தை செத்துக் கிடக்கும்போது சிம்பாவின் முகத்தில் வன விலங்குப் படச் சிங்கக்குட்டியின் முகம்தான் தெரிகிறது. விமர்சகர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நிராகரித்தார்கள். படமோ 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கார்ட்டூனைக் காட்சிக்குக் காட்சி பின்பற்றியதால் நினைவுக்குக் காயம் படவில்லை. முகத்தில் இல்லாத உணர்ச்சியைப் பார்த்தவர்கள் தங்கள் நினைவிலிருந்தே எடுத்து நிரப்பிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஒரே படம் இரண்டு நினைவுகளுக்கு நடுவில் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2020-ன் 'முலான்' இருக்கிறது. அமெரிக்காவில் முலான் என்றால் 1998 கார்ட்டூன். சீனாவில் முலான் என்றால், ஆண் வேடத்தில் போருக்குப் போன பெண்ணைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் வரும் பழைய பாட்டு. கார்ட்டூனில் மூஷு என்று சிரிப்பூட்டும் குட்டி டிராகன் உண்டு. சீனர்களில் பலருக்கு அது டிராகனையே கேலி செய்வதாகப் பட்டது. அதனால் சீனச் சந்தையை மனதில் வைத்து மூஷுவைத் தூக்கினார்கள், பாட்டுகளையும் எடுத்துவிட்டார்கள். அமெரிக்க ரசிகர்கள் மூஷு எங்கே, பாட்டு எங்கே என்று கொதித்தார்கள். சரி, சீனாவிலாவது மகிழ்ந்தார்களா? அங்கே முதலில் கண்ணில் பட்டது முலானின் வீடு. வட்டமான மண்கோட்டை மாதிரி ஒரு குடியிருப்பு. அது தென்கிழக்கில் ஃபுஜியான் மாகாணத்துக் கட்டிடம். முலான் பாட்டோ வடக்கு வம்சங்களின் காலத்தைச் சேர்ந்தது. எந்த ஊர்ப் பெண்ணை எந்த ஊர் வீட்டில் குடிவைத்திருக்கிறார்கள் என்று சிரித்தார்கள். 'சீ' என்னும் உயிராற்றலை ஏதோ சூப்பர்ஹீரோ சக்தி மாதிரிக் காட்டியதும், பெண்ணிடம் அது இருந்தால் சூனியக்காரி என்றதும் அவர்களுக்கு ஒட்டவேயில்லை. டௌபன் என்ற சீன ரசிகர் தளத்தில் பத்துக்கு ஐந்தை ஒட்டியே மதிப்பெண் நின்றது. கூடவே அரசியலும் சேர்ந்தது. நாயகி லியூ யிஃபெய், போராட்டக்காரர்களை அடக்கிய ஹாங்காங் போலீஸை ஆதரித்து எழுதியது ஒரு பக்கம், உய்குர் முஸ்லிம்களை ஒடுக்குவதாகக் குற்றம்சாட்டப்படும் சின்ஜியாங் மாகாண அரசு அமைப்புகளின் பெயர் படத்தின் நன்றி அட்டையில் வந்தது இன்னொரு பக்கம். கொரோனா வேறு. இத்தனையும் இல்லாமல் வந்திருந்தாலும் அந்தப் படம் இரண்டு வீட்டுக்கும் விருந்தாளியாகத்தான் இருந்திருக்கும்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 2016-ல் ஜான் ஃபேவ்ரோ எடுத்த 'தி ஜங்கிள் புக்' அமெரிக்காவில் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் 8-ஆம் தேதி இந்தியாவில் வந்தது. 180 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்து, அதுவரை இந்தியாவில் வந்த ஹாலிவுட் படங்களில் முதலிடம் பிடித்தது. 3டியில் விலங்குகள் பாய்வதைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படும் என்று தணிக்கை வாரியம் யு/ஏ கொடுத்ததை ஊரே கிண்டலடித்தது. படம் நன்றாக இருந்தது உண்மை, விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் இந்தியாவில் அந்த அளவுக் கூட்டத்துக்குக் காரணம் 1990-களின் தூர்தர்ஷன். ஜப்பானில் எடுத்த மோக்லி கார்ட்டூன் தொடரை இந்தியில் பேசவைத்து ஞாயிறு காலையில் போட்டார்கள். இந்தி தெரியாத நம் வீடுகளிலும் அந்தத் தொடக்கப் பாட்டு மட்டும் அர்த்தம் புரியாமலே எல்லோருக்கும் வாயில் ஓடும். விநியோகித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. இந்திப் பதிப்பின் விளம்பரத்துக்கு அதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். தொடரில் ஷேர் கானுக்குக் குரல் கொடுத்த நானா படேகரையே மறுபடி கூப்பிட்டார்கள். படத்தில் இல்லாத ஒரு பாட்டை வைத்துப் படத்தை விற்றார்கள், அதுவும் பெற்றோர்களுக்கு.

மூலத்துக்கு விசுவாசம் என்ற பேச்சு அங்கே எழவேயில்லை. கிப்ளிங் 1894-ல் எழுதிய புத்தகத்தில் மலைப்பாம்பு கா மோக்லியின் நண்பன், குரங்குகளிடமிருந்து அவனைக் காப்பாற்றுபவன். 1967 டிஸ்னி கார்ட்டூன் அவனை வில்லனாக்கியது, 2016 படமும் அந்த வழியில்தான் போனது. கிங் லூயி என்ற குரங்கரசன் புத்தகத்தில் கிடையாது. அவன் கார்ட்டூனில் ஒராங்குட்டான், இந்தியக் காட்டில் ஒராங்குட்டான் கிடையாது. அதனால் புதிய படத்தில் அவனை எப்போதோ அழிந்துபோன ராட்சதக் குரங்கினமாக மாற்றிக்கொண்டார்கள். முடிவில் மோக்லி ஊருக்குப் போகாமல் காட்டிலேயே இருந்துவிடுகிறான், அது கார்ட்டூனுக்கும் மாறு. நம் ஆட்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பாட்டு இருந்தது, மோக்லி நம்மூர்ப் பையன் மாதிரி இருந்தான், போதும்.

இனி குழந்தைகள். இத்தனை சண்டையிலும் அவர்களை யாரும் கேட்பதில்லை. எங்கள் குடியிருப்பில் விடுமுறைக்கு மொட்டைமாடியில் படம் போடுவோம், போன வருடம் லிட்டில் மெர்மெய்டைப் போட்டோம். நான் திரையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியலின் நிறத்தைப் பற்றி ஒரு வாண்டும் வாய் திறக்கவில்லை. செபாஸ்டியன் வந்தால் சிரித்தார்கள். படகில் முத்தக் காட்சி நெருங்கியதும் எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் 'ஐயே' என்று கண்ணை மூடி விரலிடுக்கில் பார்த்தார்கள். இளவரசன் எரிக்குக்குப் புதிதாக ஒரு தனிப்பாட்டு கொடுத்திருக்கிறார்கள், பாறைமேல் ஏறி இறங்கி நீளமாகப் பாடுவான். அந்தப் பாட்டில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கக் கீழே போய்விட்டார்கள். கடற்பறவை ஸ்கட்டில் பாடும் ராப்பைப் பெரியவர்கள் ஊர் ஊராகத் திட்டினார்கள், மாடியில் அதற்குத்தான் கைத்தட்டல். சூனியக்காரி உர்சுலா குரலைப் பறிக்கும் காட்சியில் ஒரு நான்கு வயதுக்காரன் எழுந்து பாட்டி மடிக்குப் போனான். 1989 கார்ட்டூன் 83 நிமிடம், இது 135 நிமிடம். பிள்ளைகளின் உண்மையான விமர்சனம் அந்த 52 நிமிட வித்தியாசத்தில்தான் இருந்தது.

உங்கள் மகளுக்கு வருகிறேன். ஏழு வயதுக்குத் தாராளமாகப் பார்க்கலாம். பயம் வரக்கூடிய இடங்கள் மூன்று: தொடக்கத்தில் சுறா துரத்தல், கப்பல் தீப்பிடித்து மூழ்குவது, கடைசியில் உர்சுலா கடலே எழுந்ததுபோல வளர்ந்து நிற்பது. மூன்றாவதுதான் கொஞ்சம் கடுமை, காட்சியும் இருட்டு. கார்ட்டூனில் அந்த இடத்தில் கப்பலைச் செலுத்தி உர்சுலாவைக் கொல்பவன் இளவரசன். இதில் ஏரியலே செலுத்துகிறாள், அந்த மாற்றம் எனக்குப் பிடித்தது. ஹாலி பெய்லி தன் குகைக்குள் நின்று பாடும் பாட்டுக்காகவே ஒருமுறை பார்க்கலாம், படத்தை வெறுத்தவர்கள்கூட அந்தக் குரலைக் குறைசொல்லவில்லை. கார்ட்டூனை உங்கள் மகள் இன்னும் பார்க்கவில்லை என்றால் இதையே முதலில் போட்டுக் காட்டுங்கள், அதுதான் இந்தப் படத்துக்கும் நல்லது. பகலில் ஜன்னல் திறந்த அறையில் போட்டால் கடலுக்கடியில் நடப்பது பாதி தெரியாது, திரைச்சீலையை இழுத்துவிட்டு டிவியின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், ஏரியல் கரைக்கு வந்து அரண்மனைக்குள் நுழையும் இடத்தில் நிறுத்திச் சாப்பாடு கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம்.